பழுது பார்ப்பாரைத் தேடி

இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை எழுதித் தருக என்று எம் பேராசிரியர் பணித்தபோது, சிறப்புத் தமிழ் பயிலும் மாணவன் ஆதலின், யான் சங்கச் செய்யுளையோ காப்பியத்தையோ எடுத்துக்கொள்வேன் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். அத்தகைய கட்டுரைகளை என்னினும் நன்றாக எழுதவல்ல நண்பர் பலர் இங்கு உளர். ஆதலால் யான் ஒரு மிதிவண்டியைப் பற்றி எழுதத் துணிந்தேன். பொருள் சிறிது என்று வாசகர் நகைத்தல் வேண்டா. சென்ற ஆண்டு எம் வீட்டில் ஆறு வாரம் தறியோசை நின்று போனதற்கு அச்சிறு பொருளே காரணம்.

யான் ஆரணியை அடுத்த சேவூரைச் சார்ந்தவன். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியை வரலாறு பயில்வோர் 1751-ஆம் ஆண்டில் கிளைவு போர் செய்த இடமாக அறிவர். மகளிர் பட்டுப் புடவையால் அறிவர். வாணிகர் அரிசியால் அறிவர். புகைவண்டியில் வருவோர்க்கு மட்டும் அவ்வூர் எளிதில் அகப்படுவதில்லை. 'ஆரணி ரோடு' என்னும் பலகையைக் கண்டு மகிழ்ந்து இறங்குவோர், தாம் நிற்பது களம்பூர் என்பதையும், ஆரணிக்கு இன்னும் சில கல் தொலைவு செல்ல வேண்டும் என்பதையும் பின்னரே உணர்வர். ஆரணியிலும், சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் முதலிய சுற்றூர்களிலும் பட்டு நெய்யும் குடும்பங்கள் மிகப் பல. பாவும் ஊடையும் சரிகையும் வாணிகரிடம் பெற்று வீடு சேர்த்தல், நெய்து முடித்த புடவையை மீளக் கொண்டு சென்று ஒப்படைத்தல் என்னும் இவ்விரு பயணங்களுக்கு இடையே நெசவாளன் வாழ்வு கழிகின்றது. இக்காலத்து இளைஞர் இதற்கு மோட்டார் சைக்கிளைக் கொள்கின்றனர். என் தந்தையார் கொள்வது மிதிவண்டியே.

அவ்வண்டி என் பாட்டனார் வாங்கிய கரிய நிற ஹெர்குலிஸ். 1949-இல் நிறுவப்பெற்று அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்த டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தார் செய்தது. பதினொன்றாம் வகுப்பில் எனக்கு அரசினர் வழங்கிய விலையில்லா மிதிவண்டி ஒன்றும் வீட்டில் உளது. அஃது இப்பொழுது என் தங்கையைப் பள்ளிக்குச் சுமக்கின்றது. தந்தையார் அதனைத் தொடுவதில்லை. "பாரம் வைத்தால் அதன் கேரியர் ஆடுகிறது" என்பது அவர் கூறும் காரணம். உண்மைக் காரணம் வேறு என்பது எம் அனைவர்க்கும் தெரியும்.

எம் வீட்டில் 'அச்சு' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தறியில் பாவு இழைகளை ஒழுங்குபெற நிறுத்தி, ஊடையை அடித்துச் செறிக்கும் சீப்புப் போன்ற கருவியும் அச்சு. சக்கரம் சுழலுகின்ற இரும்புக் கோலும் அச்சு. "அச்சில் ஏதோ ஓசை கேட்கிறது" என்று தந்தையார் கூறின், "எந்த அச்சு?" என்று அன்னையார் வினவுவது வழக்கம். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் அவர் கூறியது வண்டியின் அச்சினை.

அப்பொழுது யான் விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். தந்தையார் வழக்கமாக வண்டியைக் காட்டும் முதியவர் அதற்குச் சில திங்கள் முன்னரே கடையை மூடிவிட்டுத் தம் மகனுடன் வாழச் சென்னைக்குச் சென்றுவிட்டார். 'இப்பொறுப்பை என்னிடம் விடுக' என்று யானே முன்வந்தேன். கல்லூரியில் பயில்பவன் அல்லனோ! கண்ணாடிக் கதவும், வரிசையாக நிறுத்திய பளபளக்கும் புது வண்டிகளும், அச்சிட்ட பற்றுச்சீட்டும் உடைய ஒரு கடையைக் கண்டு, நம்பத்தக்க இடம் இதுவே என்று முடிவு செய்தேன். அக்கடையின் பெயரும் தெருவும் ஈண்டு வேண்டா. "ஓவராயில் செய்ய வேண்டும்" என்றனர். யான் இசைந்தேன்.

இச்சொல்லைப் பற்றி ஒன்று கூறாமல் மேலே செல்ல என் தமிழ்ப் படிப்பு விடவில்லை. உறுப்புக்களை எல்லாம் கழற்றித் துலக்கித் தேய்ந்தவற்றை மாற்றி மீளப் பூட்டுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் ஒன்று நம் ஊர்க் கடைகளில் 'ஓவராயில்' என்று திரிந்து வழங்குகின்றது. அதனுள் ஆயில், அதாவது எண்ணெய், எவ்வாறோ வந்து புகுந்துகொண்டது. அக்கடையினர் அச்சொல்லின் பிற்பகுதியை மட்டுமே செய்தனர் என்பது பின்னர் விளங்கிற்று.

மறுநாள் மாலை வண்டி கைக்கு வந்தது. கழுவித் துடைத்து எண்ணெய் பூசப்பெற்றுப் புதியது போலத் திகழ்ந்தது. பற்றுச்சீட்டில் பால்ரஸ், கோன், கிரீஸ், பிரேக் கட்டை, கூலி என்று தனித்தனி வரியில் தொகை குறித்திருந்தனர். மொத்தம் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். என் உதவித்தொகையில் மிச்சம் பிடித்திருந்த பணத்திலிருந்து அதனைக் கொடுத்தேன். அச்சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டை நோக்கி வண்டியை மிதித்த அம்மாலையில், குடும்பத்திற்கு யானும் ஏதோ செய்தேன் என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. இப்பொழுது அதனை நினைத்தாலும் முகம் சுடுகின்றது.

பதினைந்து நாள் கழிந்தன. யான் கல்லூரி விடுதிக்குத் திரும்பிவிட்டேன். ஒரு காலை தந்தையார் நெய்து முடித்த புடவையை வெள்ளைத் துணியில் பொதிந்து கேரியரில் கட்டிக்கொண்டு ஆரணிக்குப் புறப்பட்டார். முந்தின இரவு பெய்த மழையால் சாலையோரமெல்லாம் சேறு. ஒரு வளைவில் பின் சக்கரம் சட்டென்று இறுகிச் சுழலாது நின்றது. அவர் வலக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டின் எலும்பு முறிந்தது. கட்டு அவிழ்ந்து புடவை சேற்றில் வீழ்ந்தது. அடிபட்ட கையோடு அவர் முதலில் எடுத்தது புடவையைத்தான் என்று, அவரைத் தூக்கி விட்டவர்கள் கூறினர்.

நெசவாளனுக்குக் கை இத்தகையது என்று சேவூரில் பிறவாதவர்க்கு எடுத்துச் சொல்லுதல் அரிது. தறிக்குழியில் அமர்ந்து, ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை எறிய, மறு கை அச்சுப் பலகையை இழுத்து அடிக்க, கால்கள் மிதியை மாற்ற, இம்மூன்றும் ஓர் ஒழுங்கில் நிகழ்ந்தால்தான் ஓர் இழை ஏறும். அக்கை ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்தது. தறியில் பாதி நெய்த புடவை அப்படியே நின்றது. அன்னையார் அதன்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்தார். சேற்றில் விழுந்த புடவையோ தராசில் எடை சரியாகவே நின்றது. கறையால் கூலியில் பெரும்பகுதி குறைந்தது. அவ்வாண்டின் இரண்டாம் தவணைக் கட்டணத்தை எவ்வாறு செலுத்தினேன் என்பதும், என் தாய்மாமனார் அதன்பொருட்டு எதனை அடகு வைத்தார் என்பதும் இக்கட்டுரைக்கு உரியன அல்ல.

சனிக்கிழமை யான் ஊர் சேர்ந்தேன். அடுத்த வீட்டு அண்ணன் ஒருவர் நெசவாளரேயாயினும் கருவிகளைக் கையாளத் தெரிந்தவர். அவர் திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பின் சக்கரத்தைக் கழற்றினார். வாழ்நாளெல்லாம் வண்டி ஏறியும், சக்கரத்தின் குடத்திற்குள் என்ன இருக்கிறது என்பதை யான் அன்றுதான் கண்டேன்.

குடத்தின் இரு பக்கத்திலும் சிறு கிண்ணம் போன்ற குழிவு உண்டு. அச்சின் இரு புறத்திலும் கூம்பிய வடிவான கோன் ஒவ்வொன்று திருகப்பட்டிருக்கும். கிண்ணத்திற்கும் கோனுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளும். பின் சக்கரத்தில் கால் அங்குலக் குண்டு பக்கத்திற்கு ஒன்பது. மனிதன் சுமையும் பொதியின் சுமையும் இப்பதினெட்டுக் குண்டுகளின் மேலேயே நிற்கின்றன. கோனை மிகத் திருகினால் குண்டுகள் நெரிந்து கோனையும் கிண்ணத்தையும் அரிக்கும். தளர விட்டால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். தக்க நிலையில் நிறுத்தி, அந்நிலை மாறாவண்ணம் மேலே ஒரு நட்டினால் பூட்ட வேண்டும். மேல்நட்டு நன்கு இறுகாவிடின், சக்கரம் சுழலச் சுழலக் கோன் தானே உள்ளே திருகிக்கொண்டு சென்று சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வண்டியில் நிகழ்ந்ததும் அதுவே. மேல்நட்டு விரலால் சுழலும் அளவிற்குத் தளர்ந்திருந்தது. ஒரு பக்கம் ஒன்பது குண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழே இருந்தன. அவற்றுள் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. கோன்கள் அம்மை கண்ட முகம் போலக் குழி விழுந்திருந்தன. கிரீஸ் கறுத்துக் காய்ந்து பிசினாகிக் கிடந்தது. அண்ணன் ஒன்றும் கூறவில்லை. குண்டுகளை ஒரு முறை எண்ணினார், மீண்டும் எண்ணினார்.

அவற்றைத் தாளில் மடித்துக்கொண்டு அக்கடைக்குச் சென்றேன். மடித்த பற்றுச்சீட்டையும் உடன் கொண்டு சென்றேன். கடையில் இருந்தவர் பொதியைத் திறந்தும் பாராமல், "இவை நாங்கள் போட்டவைதாம் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்டார். யான் மறுமொழி இன்றி நின்றேன். பணம் கொடுத்ததற்குச் சீட்டு உண்டு. வேலை நிகழ்ந்ததற்கு ஏது சீட்டு? பூட்டப்பட்ட குடத்திற்குள் இருப்பதை எவர் கண்டார்?

வீடு திரும்பித் தந்தையாரிடம் கூறினேன். அவர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒன்றே கேட்டார்: "மாற்றிய பழைய குண்டுகளைக் கேட்டு வாங்கினாயா?"

"இல்லை, அப்பா."

"நாம் அறுந்த சரிகையைக் கூடச் சேர்த்து வைத்து எடையோடு கொடுக்கிறோமே."

ஆரணிப் பட்டுத் தொழிலில் நம்பிக்கை என்பது வாய்ச்சொல் அன்று. வாணிகர் கொடுக்கும் பட்டும் சரிகையும் நிறுத்துக் கணக்கில் எழுதப்படும்; புடவை திரும்பும்போது அதுவும் தராசில் ஏறும். அதன்பின் அதனை விரித்துக் கரையையும் உடலையும் இணைத்த இடத்தைத் தடவிப் பார்ப்பர்; பின்னர்த் திருப்பிப் பார்ப்பர். "புடவை வாங்க வருபவள் முந்தானையைப் பார்ப்பாள், வாங்கத் தெரிந்தவள் பின்புறத்தைப் பார்ப்பாள்" என்று தந்தையார் அடிக்கடி கூறுவார். யான் முந்தானையைப் பார்த்து வந்தவன்.

இனி அவர் மீண்டும் வண்டி ஏறும் நாளுக்குள், நம்பத்தக்க ஒருவரைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று உறுதி செய்துகொண்டேன். விடுதியில் இருந்த நாட்களில் மிதிவண்டியைப் பற்றி நூலகத்தில் கிடைத்தவற்றைப் படித்தேன். இன்று நாம் ஏறும் வடிவினதாகிய வண்டியை ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தின் கவென்றி நகரில் 1885-இல் செய்தார். காற்றடைத்த டயரை 1888-இல் டன்லப் அமைத்தார். அதன்பின் அடிப்படை வடிவம் பெரிதும் மாறவில்லை. 1903-இல் முதன்முதல் விசைவானூர்தியில் பறந்த ரைட் உடன்பிறந்தார் அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1892 முதல் மிதிவண்டிக் கடை நடத்தியவர். தம் வானூர்தியின் காற்றாடிகளையும் மிதிவண்டியிற் போலச் செயினைக் கொண்டே சுழற்றினர். அவர்களிடமாயின் என் தந்தையாரின் வண்டியை அச்சமின்றி ஒப்படைத்திருப்பேன்! ஆனால் டேட்டன் நெடுந்தொலைவு.

ஆரணியில் தேடத் தொடங்கியபோது ஓர் உண்மை புலனாயிற்று. மிதிவண்டி பழுது பார்க்கும் கடைகள் அருகிவிட்டன. முன்னாளில் தெருவுக்கு ஒன்றாக இருந்து மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கும் வண்டி கொடுத்த கடைகளுள் பல, இப்பொழுது மோட்டார் சைக்கிள்களுக்கே கதவு திறக்கின்றன. பஸ் நிலையத்தருகில் வேப்பமரத்தடியில் இருந்த ஒருவர், "பஞ்சர் என்றால் போடுகிறேன், தம்பி, குடத்தைப் பிரிக்க எனக்கு நேரம் இல்லை" என்று உள்ளதை உள்ளவாறு கூறிவிட்டார். அவர்பால் எனக்கு மதிப்பே உண்டாயிற்று. நாடெங்கும் இந்நிலையே போலும். 1951 முதல் வண்டி செய்துவந்த அட்லஸ் நிறுவனத்தார் சாகிபாபாத்திலிருந்த தம் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ஆம் நாள் நிறுத்தினர். அந்நாள் உலக மிதிவண்டி நாள்!

வேறொரு கடைக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, செயின், ஃப்ரீவீல், இரண்டு ரிம், பெடல் யாவும் மாற்ற வேண்டும் என்றார். சக்கரத்தை அவர் சுழற்றியும் பார்க்கவில்லை. இவர் முன்னையவரினும் வல்லவர் என்று எண்ணி வெளியேறினேன்.

கடையைப் பார்த்துக் கடையை அறிய முடியாது என்பது அப்பொழுது தெளிவாயிற்று. ஆகவே வேறு வழி தேடினேன். எவருடைய வண்டி ஒரு நாள் நின்றால் அவர் வீட்டில் அன்றைய அடுப்பும் நிற்குமோ, அவர்கள் எங்குச் செல்கின்றனர்? இரண்டு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சாலையோரம் நின்று, இன்னும் மிதிவண்டியில் பால் கொணர்வோர், கீரை விற்போர், தேநீர்ப் பாத்திரம் கட்டிச் செல்வோர் ஆகியோரை நிறுத்திக் கேட்டேன். சிலர் என்னைக் கணக்கெடுக்க வந்தவன் என்று கருதி விலகிச் சென்றனர். ஏழு பேர் விடை கூறினர், அவருள் ஐவர் கூறியது ஒரே இடம்: "கொசப்பாளையத்துச் சந்தில் பாய் கடை." பால்காரர் ஒருவர் மட்டும், "வேலை சுத்தம், ஆனால் சொன்ன நாளில் தரமாட்டார்" என்று ஒரு சொல் சேர்த்தார்.

தந்தையார் கைக்கட்டு அவிழ்ந்த வாரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்குச் சென்றேன். செல்வதற்குமுன் ஒரு காரியம் செய்தேன். அதனை மறைத்தல் தகாது. குழி விழுந்த பழைய கோன்களையே அண்ணன் தற்காலிகமாகப் பூட்டியிருந்தார். அவ்விரண்டின் வெளி விளிம்பிலும், ஒரு பெடலின் அடியிலும் என் தங்கையின் சிவந்த நகப்பூச்சினால் கடுகளவு புள்ளி இட்டேன். கோன் மாற்றினேன் என்று இவர் கூறினால், மாற்றினாரா என்று காணலாம் அன்றோ! பெடலில் குறை இல்லை. இல்லாத குறையைக் காட்டி அதனையும் கழற்றுவாரோ என்பது அறிவதற்கு அப்புள்ளி.

கடை என்பது தகரக் கூரையிட்ட ஒரு சாய்ப்பு. கயிற்றில் பழைய டயர்கள் தொங்கின. ஒரு தண்ணீர்த் தொட்டி, மண்ணெண்ணெய்க் கிண்ணம், குண்டுகளை அளவு வாரியாக இட்ட நான்கைந்து தகர டப்பாக்கள், ஒரு கட்டை; இவ்வளவே. அறுபது கடந்த முதியவர் ஒருவர் ஒரு டியூபில் சொல்யூஷன் தடவி, அது காயும்வரை கையில் பிடித்துக்கொண்டு வாளா அமர்ந்திருந்தார். அருகில் நின்றவன் "ஒட்டுங்கள், பாய்" என்று விரைவுபடுத்தினான். "ஈரத்தில் ஒட்டினால் நாளைக்கு நீயே திரும்பி வருவாய்" என்றார். ஒட்டிய பின்னும் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிச் சென்று, ஓரிடத்தில் நின்று, கருவேல முள்ளின் முனை ஒன்றைப் பிடுங்கி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். முள்ளை விட்டுவிட்டால் மறுநாளும் ஒரு பஞ்சருக்குக் காசு கிடைக்குமே என்று எனக்குத் தோன்றிற்று. தீய அனுபவம் மனிதனை எவ்வாறு கணக்குப் பார்க்க வைக்கின்றது!

என் முறை வந்தது. யான் நிகழ்ந்தது ஒன்றும் கூறாது, "பின் சக்கரத்தைப் பாருங்கள், பாய்" என்று மட்டும் கூறினேன். அவர் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். பின்னர்ச் செயினை முன்பற்சக்கரத்தின் முன்புறத்தில் விரலால் இழுத்துப் பார்த்தார். "செயினுக்கு இன்னும் ஓராண்டு உண்டு. எண்ணெய் குறைவாக விடு; மிகுந்தால் மண் ஒட்டிக்கொண்டு அதுவே அரமாக ராவிவிடும். பெடல் நன்று. கோன் இரண்டும் போய்விட்டன. வியாழக்கிழமை வா."

வியாழக்கிழமை சென்றேன், ஆகவில்லை. சனிக்கிழமை சென்றபோதும் அப்பொழுதுதான் தொடங்கியிருந்தார். பால்காரர் கூற்றுப் பொய்க்கவில்லை. ஆயினும் அதனால் எனக்கு ஒரு நன்மை விளைந்தது. வேலை முழுவதையும் அருகிருந்து கண்டேன்.

கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் செய்தித்தாளின் மேல், கழற்றிய வரிசையிலேயே வைத்தார். கிண்ணங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து, விரல்நகத்தை உள்ளே சுற்றி ஓட்டினார். "நகம் எங்கும் தடுக்கவில்லை, கிண்ணம் தப்பித்தது" என்றார். புதிய கிரீஸை அப்பி, அதில் டப்பாவிலிருந்து எடுத்த குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார். வாய்விட்டு எண்ணினார். ஒன்பது பதித்தபின் இன்னொன்றுக்கு இடம் போன்றதொரு சிறு வெளி தெரிந்தது. "இதில் ஒன்று கூட வைக்கலாமே" என்றேன். "வைக்கலாம். அப்புறம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒன்றும் உருளாது. இடைவெளி வேண்டும், தம்பி" என்றார். கோனைத் திருகி, சிறிது தளர்த்தி, மேல்நட்டை இறுக்கி, அசைத்துப் பார்த்தார். மனம் நிறையாமல் மீண்டும் அவிழ்த்தார். இவ்வாறு நான்கு முறை. இறுதியில் சக்கரத்தைக் கவையில் பூட்டி, வால்வு பக்கவாட்டில் நிற்குமாறு பிடித்துக் கைவிட்டார். சக்கரம் வால்வின் சிறு பாரத்தாலேயே மெல்ல இறங்கி, கீழே சென்று, சற்று மறுபுறம் ஏறி, மீண்டும் இறங்கி, ஊஞ்சல் போல் ஆடி நின்றது. "இதுதான் அளவு" என்றார்.

பின்னர்க் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டினார். பின் சக்கரத்தில் கம்பிகள் நாற்பது; முன் சக்கரத்தில் முப்பத்திரண்டு. ஓசை தாழ்ந்த இடத்தில் நிப்பிளைக் கால் திருகு திருகிக் கோட்டம் எடுத்தார். தந்தையாரும் பாவு இழையை இவ்வாறே விரலால் தொட்டுத் தளர்வு அறிவார் என்பது அப்பொழுது என் நினைவிற்கு வந்தது.

கணக்குக் கேட்டேன். கோன் இரண்டு, குண்டு பதினெட்டு, கூலி யாவும் சேர்த்து இருநூறு ரூபாய் என்றார். யான் பணத்தை எடுக்கும்பொழுது, அவர் பழைய குண்டுகளையும் கோன்களையும் ஒரு தாளில் வைத்து என் முன் நீட்டினார். கோன் இரண்டும் நிமிர்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவந்த புள்ளி மேல்நோக்கி இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவினால் அழிந்திருக்கும். அவற்றை மட்டும் அவர் கழுவவில்லை. பிறகு வண்டியை நோக்கித் தலையசைத்து, "பெடலில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டேன்" என்றார்.

யான் தலை நிமிரவில்லை. எத்துணைச் சொற்களைக் கற்றிருந்தும் அவ்வேளையில் ஒரு சொல் வரவில்லை. அவர் சினந்தாரா என்று அறியக் கடைக்கண்ணால் நோக்கினேன். அவர் அடுத்த வண்டியின் ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டிருந்தார். "சூடு பட்ட பூனை, தம்பி, எங்கே பட்டாய்?" என்று கேட்டார். அப்பொழுது முழுவதையும் கூறினேன். மணிக்கட்டு முறிந்தது வரை கேட்டவர், கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, வண்டியைத் திரும்ப வாங்கி, மேல்நட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பார்த்தார்.

அவர் குறையற்றவர் என்று வாசகர் எண்ணற்க. இரண்டு வாரம் கழித்து முன் பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரை உரசுவதைக் கண்டு வண்டியை மீண்டும் கொண்டு சென்றேன். கடையில் அப்பொழுது மூவர் இருந்தனர். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது என் தப்பு" என்று அம்மூவரும் கேட்கக் கூறினார். சரி செய்து கொடுத்துக் காசு பெறவில்லை. அம்முறையும் என்னை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்.

முதல் நாள் பழுது பார்த்த வண்டியோடு வீடு சேர்ந்த மாலையில், தாள் பொதியைத் தந்தையாரிடம் கொடுத்தேன். அவர் திண்ணையில் அமர்ந்து அதனை விரித்தார். புள்ளியைக் கண்டு, "இது என்ன?" என்றார். கூறினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பழைய குண்டை எடுத்து, கட்டு அவிழ்ந்த வலக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து உருட்ட முயன்றார். விரல்கள் இன்னும் முழுதும் இணங்கவில்லை. குண்டு நழுவித் திண்ணையில் உருண்டது. தங்கை ஓடிச் சென்று எடுத்துக் கொடுத்தாள். மீண்டும் உருட்டினார். அன்று முதல் அவ்வெஃகுக் குண்டு ஒன்றே அவர் விரல்களுக்குப் பயிற்சியாயிற்று. தறியின் பக்கத்தில் ஒரு தகர மூடியில் அது கிடக்கும்.

தறியின் மேலிருந்த வேட்டியை அன்னையார் கார்த்திகை மாதத் தொடக்கத்தில் எடுத்தார். நின்றுபோன இடத்திற்கும் மீளத் தொடங்கிய இடத்திற்கும் இடையே இரண்டு மூன்று இழையளவு அடிப்பின் செறிவு மாறித் தெரிந்ததால், அவ்விழைகளைப் பிரித்தெடுத்துவிட்டு மறுபடி நெய்தார். அப்புடவை முடிந்த நாள் யான் ஊரில் இருந்தேன். "நானே கொண்டு சென்று கொடுத்து வருகிறேன், அப்பா" என்றேன். அவர் இசையவில்லை. வெள்ளைத் துணியில் பொதிந்து கேரியரில் கட்டினார். முடிச்சை இரு முறை இழுத்துப் பார்த்தார். பின் சக்கரத்தைத் தூக்கி, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கைவிட்டு, அஃது இறங்கி ஏறி ஆடி நிற்கும்வரை பார்த்திருந்தார். பிறகு காலைத் தூக்கிப் போட்டு ஏறிக்கொண்டு, ஆரணிச் சாலையை நோக்கி மிதித்தார்.